பதினோராயிரம் ஆடுகளும் ஒரு மச்சினனும்

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் ஒத்தக்குண்டு. ஒரு உயிருக்கு ஒரு குண்டு. இரண்டாவது குண்டைச் செலவழித்து யாரும் பார்த்ததில்லை. இதெல்லாம் பெருமையா என்று கேட்டால், அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள், அதையும் கொஞ்சம் தள்ளி நின்றே சொன்னார்கள்.

அந்தக் கைக்குப் பாடம் அப்பாவின் கசாப்புக் கடையில் நடந்தது. வெள்ளை ஓடு பதித்த சுவர், மேலே வரிசையாகக் கொக்கிகள், நடுவில் குழி விழுந்த மரக்கட்டை. பதினான்கு வயதில் கையில் கத்தியைக் கொடுத்த அப்பா ஒரே ஒரு விதி போட்டார். முதல் வெட்டில் உயிர் போயாக வேண்டும். போகவில்லையென்றால் இரண்டாவது வெட்டு ஆட்டுக்கு, அடுத்த அடி மகனுக்கு. கத்தியைத் திருப்பிப் பிடித்து முதுகில் வைப்பார். "வலிக்குதா? அதுக்கும் இப்படித்தான் வலிச்சிருக்கும்" என்பார். அடியாத மாடு படியாது என்பார்கள், பையன் படிந்துவிட்டான். ஆனால் அடித்துச் சொல்லிக்கொடுத்தால் ஒரு பாடத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும். சாகப்போகிற உயிரை நோகவிடக் கூடாது என்பது ஒன்று. நோகவிட்டவனைச் சும்மா விடக் கூடாது என்பது இன்னொன்று. முதல் பாடத்தால் அவருக்கு வேலை கிடைத்தது. இரண்டாவதால் கிடைத்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

கடை மூடிய பிறகு வயல்களில் புகும் காட்டுப்பன்றிகளைச் சுடும் வேலைக்குப் போனார். முப்பது வயதில் கல்யாணம். மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாளைக்கு நானூறு படுக்கைவிரிப்பு. ரத்தக்கறையை வெந்நீரில் போட்டால் ஒட்டிக்கொண்டுவிடும், பச்சைத் தண்ணீரில்தான் போகும் என்று புதிதாக வரும் பெண்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். சீர் என்று அவள் கொண்டுவந்தது ஒரு தையல் மிஷினும் ஒரு தம்பியும். அம்மா இல்லாத பையனை நான்கு வயதிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்தக் குறை அவளுக்குப் பெரிதாகத் தெரியாததற்கு அந்தத் தம்பிதான் காரணம். பெறாத பிள்ளை. அவன் வளர்ந்து ஆளாகி, எந்த வேலையிலும் ஆறு மாதம் தரிக்காமல், சிரித்த முகமாய்த் திரும்பி வந்து அக்கா கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் தீவு வேலை வந்தது.

கரையிலிருந்து படகில் இரண்டு நாள். முதலில் தெரிவது புகை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கிட்டே போனால் முழுக்க எரிமலைக் குழம்பு ஆறிப்போன கல். சில இடத்தில் கயிறு திரித்துப் போட்டது போல வளைந்து கிடக்கும், சில இடத்தில் கண்ணாடிச் சில்லு போல நிமிர்ந்து நிற்கும். புது பூட்ஸ் நாற்பது நாள் தாங்காது. மேலே கெட்டியான தரை என்று நம்பிக் கால் வைத்தால் அப்பளம் போல நொறுங்கும். கீழே ஆள் நின்றபடி நடக்கக்கூடிய குகைப்பாதை. ஆதியில் குழம்பு ஓடிய குழாய் அது என்றார்கள். அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தவர் இல்லை.

தீவின் நடுவே மலைவாயில் ஒரு ஏரி. வருஷத்துக்கு இரண்டு முறையோ மூன்று முறையோ, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், ஒரே காலையில் அந்த ஏரி காலியாகிவிடும். இடி உருளுவது போலச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் மறுபடி நிறைந்திருக்கும். முகாமின் தலைவி ஒரு பறவை ஆராய்ச்சிக்காரர், எல்லோருக்கும் பறவைக்கார அம்மா. அவர் ஒரு தடவை ஏரியில் ஒரு மூட்டைச் சிவப்புச் சாயத்தைக் கொட்டிவிட்டு, தண்ணீர் எங்கே வெளியே வருகிறது என்று படகில் தீவைச் சுற்றி மூன்று நாள் காத்திருந்தார். எங்கேயும் சிவக்கவில்லை.

அப்புறம் அந்தப் பறவை. வாத்து அளவு, கருநீலம், இறக்கை என்று சொல்லிக்கொள்ள இரண்டு குச்சி. முகாமில் அதற்கு நடப்பான் என்று பெயர். பறக்காது, நீந்தாது. அப்படியிருக்க இரண்டு நாள் படகுத் தொலைவிலுள்ள தீவுக்கு எப்படி வந்தது? பறந்து வந்து பிறகு பறப்பதை மறந்தது என்று ஒரு கட்சி, தீவே ஒரு காலத்தில் கரையோடு ஒட்டியிருந்தது என்று இன்னொரு கட்சி. பறவைக்கார அம்மா மட்டும், "தெரியலை" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகச் சிரிப்பார். நடப்பானும் லேசுப்பட்டதல்ல. பக்கத்துக் கூட்டு முட்டையைக் கொத்தி உடைக்கும், அடுத்ததன் குஞ்சைக் கழுத்தைப் பிடித்து உதறிக் கொல்லும். இதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு கொலையும் என்று ஒத்தக்குண்டு ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார்.

கொலை ஆடுகளுக்கு. எந்தக் காலத்திலோ கப்பல்காரர்கள் வழிச்சாப்பாட்டுக்கென்று விட்டுப்போன நாலு ஆடு பெருகிப் பதினோராயிரம் ஆகியிருந்தது. இருந்த பச்சையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. நடப்பான் முட்டையிடும் புதர்கூட மிச்சமில்லை. எண்ணி நூற்றுச்சொச்சம் பறவைகள் பாக்கி. ஒரு ஆடுகூட விடாமல் ஒழித்தால்தான் பறவை பிழைக்கும்.

எட்டுப் பேர் சுடுகிறவர்கள், தலைவர் ஒத்தக்குண்டு. "தம்பியையும் கூட்டிட்டுப் போங்க. உங்க கண்ணு முன்னாடி இருந்தா உருப்படுவான்" என்றாள் மனைவி. படகுத்துறையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "முழுசாக் கொண்டுவந்து என் கையில விடணும். அவ்வளவுதான் கேக்குறேன்" என்றாள். "எனக்கு மட்டும் அவன் யாரு?" என்றார் அவர். மனதாரச் சொன்ன வார்த்தை.

முதல் மூன்று மாதம் நடந்ததை வேலை என்று சொல்ல நாக்கு கூசும். ஆட்டுக்கூட்டத்தை மேட்டு விளிம்புக்கு ஓட்டி, இரண்டு பக்கமும் நின்று சுட்டுத் தள்ளினார்கள். ஒரு நாளில் முந்நூறு, நானூறு. துப்பாக்கிக் குழாய் கை வைக்க முடியாமல் கொதிக்கும். கல் குழிகளில் மழைத்தண்ணீர் போல ரத்தம் தேங்கும். விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடந்து அழுகும். கடற்பறவைகள் முதலில் கண்ணைக் கொத்தும், பிறகு அடிவயிற்றை. காற்று திரும்பினால் முகாமில் சோறு இறங்காது. சமையல்காரர் தாமாகவே கறி சமைப்பதை நிறுத்திவிட்டார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நாலாம் மாதத்திலிருந்து வேறு வழி. மிச்சமிருந்த ஆடுகள் உஷாராகி நொறுங்குகிற கற்பரப்புக்குள் ஒளிந்துகொண்டன. அதற்கு ஒரு உபாயம் உண்டு. ஒரு பெட்டை ஆட்டைப் பிடித்துக் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி விட்டுவிடுவார்கள். ஆட்டுக்குத் தனியாக இருக்கத் தெரியாது, எப்படியாவது தன் இனத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். பட்டையின் சத்தத்தைக் கையில் உள்ள ரேடியோப் பெட்டியில் கேட்டுப் பின்தொடர்ந்து போய், அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி உள்ள எல்லாவற்றையும் சுட வேண்டும். அது மறுபடி அலையும், மறுபடி ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிக்கும். மறுபடியும் அதேதான். அந்த ஆட்டுக்கு முகாமில் மருமகள் என்று பெயர் வைத்தார்கள். எந்த வீட்டில் காலடி வைத்தாலும் அந்த வீடு காலி என்பது நகைச்சுவையாம். எட்டு ஆம்பிளைகள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தால் வேறு என்ன நகைச்சுவை வரும்?

சட்டம் எளிமையானது. பட்டையில் ஆரஞ்சு நிறக் கோடு இருக்கும். கோடு தெரிந்தால் சுடாதே. சத்தம் பலமாகக் கேட்கும் இடத்தில் கோடு இல்லாதது எதுவாக இருந்தாலும் சுடு. மூடுபனி வந்தால் நின்ற இடத்தில் உட்கார், வாக்கி-டாக்கியில் பெயர் சொல். பட்டை கட்டிய ஆடு செத்துப்போனால் பட்டையைக் கழற்றி உடனே அணைத்துவிடு, எல்லோருக்கும் சொல்லு. இந்த நாலையும் எழுதிக் கூடாரத்தில் ஒட்டியவர் ஒத்தக்குண்டுதான்.

மச்சினன் சட்டத்தில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தான். குட்டியின் பின்னங்காலில் சுட்டுவிட்டுப் பாறை மறைவில் உட்கார்ந்துகொள்வது. குட்டி கத்தும். தாய் வரும், தாய்க்குப் பின்னால் மற்றவை வரும். வர வரச் சுட வேண்டியதுதான். ஒரு மணி நேரத்தில் பதினேழு. மற்றவர்கள் நாள் முழுக்க நடந்து மூன்று சுட்ட நாளில் பதினேழு. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையில் எல்லோரையும் முந்தியிருந்தான்.

கத்தல் கேட்டு ஒத்தக்குண்டு மேட்டில் ஏறிப் பார்த்தார். பதினேழு பிணத்துக்கு நடுவே குட்டி மூன்று காலில் நின்று, நாலாவது கால் தோலில் தொங்க, இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அங்கிருந்தே அதை முடித்தார். பிறகு கீழே இறங்கி நேராக நடந்து வந்து, சிரித்துக்கொண்டே எழுந்த மச்சினனின் முகத்தில் துப்பாக்கிக் கட்டையால் ஒரே அடி. மூக்கு உடைகிற சத்தம் மற்றவர்களுக்கும் கேட்டது. விழுந்தவன்மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி, மறுபடி. நாலு பேர் சேர்ந்து பிய்த்து எடுத்தார்கள்.

"சாகப்போற ஆடுதானே மாமா!" என்றான் அவன், வாயெல்லாம் ரத்தம். "முன்னாடி செத்தா என்ன, பின்னாடி செத்தா என்ன?"

"இன்னொரு தடவை இந்த வேலை பாத்தே, அடுத்த குண்டு உனக்குத்தாண்டா!"

"ஆட்டுக்கு வலிக்கக் கூடாது, எனக்கு வலிக்கலாம். அப்படித்தானே மாமா?"

மற்ற ஆறு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பறவைக்கார அம்மா வந்து, "அடுத்த படகு ஒன்பது நாள்ல. ரெண்டு பேரும் மூட்டை கட்டிக்கங்க. எனக்கு ஆடு செத்தா போதும், ஆளு சாக வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சினனின் மூக்கில் பஞ்சு வைத்து, முகத்தின் குறுக்கே அகலமாக வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டினார்கள்.

அதன்பிறகு மாமனும் மச்சினனும் பேசவில்லை. காலையில் வாக்கி-டாக்கியில் பெயர் கூப்பிடும்போது மற்றவர்கள் "இருக்கேன்" என்பார்கள். அவன் பொத்தானை இரண்டு தரம் அமுக்கிச் சத்தம் மட்டும் எழுப்புவான். ரோஷக்காரன். மூன்றாம் நாள் அதுவும் இல்லை. மாமாவின் குரல் காதில் விழவே கூடாது என்று கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்றைக்கு மருமகளின் சத்தம் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆடு நகரவில்லை. தரை நொறுங்கி விழுந்து செத்திருக்க வேண்டும் என்று மச்சினன் ஊகித்தான், சரியாகவே ஊகித்தான். யாரிடமும் சொல்லாமல் வரிசையை விட்டு முன்னே போய்க் குகைக்குள் இறங்கினான். செத்த ஆட்டின் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றினான். மேலே ஏற இரண்டு கையும் வேண்டும் என்று அதை முதுகுப்பைக்குள் திணித்தான். அணைக்கவில்லை. சொல்லவும் இல்லை. ரோஷத்தில் ஒருவன் செய்கிற தப்புக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்கு ஏரி காலியானது. காலடியில் ஏதோ நீளமாக உருண்டு போவது போல உறுமல். சற்று நேரத்தில் தரையில் இருந்த ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஆவி கிளம்பியது. தண்ணீர் கீழே எந்தச் சூட்டைத் தொட்டதோ. கால் மணி நேரத்தில் நீட்டிய கை தெரியவில்லை. ஒத்தக்குண்டு உட்கார்ந்து பெயர்களைக் கூப்பிட்டார். ஆறு பேர் பதில் சொன்னார்கள், மச்சினன் சொல்லவில்லை. இரண்டு முறை கூப்பிட்டார். அப்போது கையிலிருந்த பெட்டியில் மருமகளின் சத்தம் நகர ஆரம்பித்தது, அதுவும் பக்கத்தில்.

உட்கார்ந்திருக்க வேண்டும். தானே எழுதி ஒட்டிய சட்டம். எழுந்து நடந்தார். மச்சினனைத் தேடித்தான் போனேன் என்று பிற்பாடு சொன்னார், அது பாதி உண்மை. மருமகள் நகர்ந்தால் கூட்டம் இருக்கும், தீவில் அறுபது ஆடுதான் பாக்கி என்பது மறுபாதி.

சத்தம் உச்சத்துக்குப் போன இடத்தில், முப்பது அடி முன்னால் ஆவி லேசாக விலகியது. ஓட்டையின் விளிம்பில் கறுப்பாக ஒன்று நாலு காலில் ஏறி வந்தது. தலை குனிந்திருந்தது. கழுத்தில் ஆரஞ்சுக் கோடு இல்லை. துப்பாக்கி தோளுக்கு வந்துவிட்டது. அதுவரை எல்லாம் வேலை. அப்போது அது தலையைத் தூக்கியது. முகத்தின் குறுக்கே வெள்ளை.

அந்தத் தீவில் நெற்றி வெள்ளை ஆடு எத்தனையோ உண்டு. அதைச் சொல்லி யாரும் தப்பித்துக்கொள்ளலாம். நான் பூசி மெழுகப் போவதில்லை. அவருக்குத் தெரிந்தது. தான் உடைத்த மூக்கு, தன் கண்முன்னே ஒட்டிய பிளாஸ்திரி. இது மச்சினன் என்று தெரிந்தது, தெரிந்த பிறகுதான் விரல் அழுத்தியது. அந்த நொடியில் அவர் கண்ணில் இருந்தது மூன்று காலில் நின்ற குட்டி. அப்பாவின் இரண்டாவது பாடம் முப்பத்தைந்து வருஷம் கழித்து விரலில் வந்து நின்றது. அழுத்துகிறபோதே இது அவளுடைய தம்பி என்று இன்னொன்று உள்ளே அலற, மணிக்கட்டு வெட்டி இழுத்தது. சுட்டதும் அவர் கைதான், திருப்பியதும் அவர் கைதான்.

குண்டு வலது தோளுக்குக் கீழே புகுந்து எலும்பைச் சில்லாக்கிவிட்டுப் போயிற்று. மச்சினன் அலறினான். ஒத்தக்குண்டு சுட்ட எதுவும் அதற்கு முன்பு அலறியதில்லை. நோகவிடாதே, முடித்துவிடு என்று பழகிய கை அடுத்த குண்டை ஏற்றிவிட்டது. ஏற்றிய பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது. துப்பாக்கியை ஓட்டைக்குள் எறிந்துவிட்டு அவனிடம் ஓடினார்.

பெல்ட்டைக் கழற்றி அக்குளுக்குக் கீழே இறுக்கினார். ரத்தம் முழங்கை வரை சூடாக இறங்கியது. முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். இரண்டு எட்டுக்கு ஒருமுறை தரை நொறுங்கியது, முட்டியில் கல் கிழித்தது. இத்தனைக்கும் அந்தப் பட்டை பைக்குள்ளிருந்து கூவிக்கொண்டுதான் இருந்தது. மற்றவர்களின் பெட்டியிலும் கேட்டிருக்கும் அல்லவா? ஆவி கலைகிற நேரத்தில் எதிரே இரண்டு துப்பாக்கிகள் இவர்களை நோக்கி உயர்ந்தன. மச்சினனைச் சுமந்து குனிந்து வந்தவரும் அவர்களுக்கு நாலு கால் கறுப்புதான்.

"சுடாதே! ஆளு! ஆளுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அப்போதுதான் பையைத் திறந்து பட்டையை அணைத்தார்கள்.

முகாமுக்கு ஐந்து மணி நேர நடை. கைமாற்றித் தூக்கிக்கொள்ள மற்ற இருவரும் கெஞ்சியும் அவர் இறக்கவில்லை. அவசரத்துக்கு வரவழைத்த படகில் இரண்டு நாள். மச்சினன் கண்ணை மூடாமல் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். ஆஸ்பத்திரியில் கையைத் தோளோடு எடுத்துவிட்டார்கள். அவன் ரத்தம் ஊறிய விரிப்புகள் மனைவியின் சலவைக்கூடத்துக்குத்தான் போயின. மேற்பார்வையாளர் அவளை அன்று வேலை செய்ய விடவில்லை.

விசாரணை அதிகாரி ஒருவர் கோப்பும் பேனாவுமாகக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்குடைத்த சண்டையும், "அடுத்த குண்டு உனக்குத்தாண்டா" என்ற வார்த்தையும் ஆறு பேர் வாக்குமூலத்தில் இருந்தன. ஒத்தக்குண்டு சுவரோரமாக நின்றார். ஜெயிலுக்குப் போக மனசு தயாராகிவிட்டிருந்தது.

"பட்டை என் பைக்குள்ள இருந்தது சார். அணைக்க மறந்துட்டேன்" என்றான் மச்சினன். "வாக்கி-டாக்கியை நான்தான் அணைச்சு வச்சிருந்தேன். அந்தப் புகையில அவருக்கு எப்படித் தெரியும்? மாமா மேல ஒரு தப்பும் இல்லை."

"அதுக்கு மூணு நாள் முன்னாடி அடிச்சு மூக்கை உடைச்சிருக்காரே?"

"குடும்பத்துக்குள்ள அதெல்லாம் உண்டு சார். பல்லும் நாக்கும் ஒரே வாயில இருந்தா கடிபடத்தான் செய்யும்."

அதிகாரி சிரித்துவிட்டுக் கோப்பை மூடினார். விபத்து.

அதன்பிறகு நாலு மாதம் ஒத்தக்குண்டு ஒரு நல்ல மனுஷனாக வாழ வேண்டியிருந்தது. அது ஜெயிலைவிடக் கஷ்டம். ஐந்து மணி நேரம் முதுகில் தூக்கி வந்த கதையை மனைவி அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொன்னாள். சலவைக்கூடத்துப் பெண்கள் வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "என் தம்பியை முழுசாக் கொண்டுவரலேன்னு மனசுல வச்சுக்காதீங்க. உசிரோட கொண்டுவந்தீங்களே, அது போதும்" என்று அவள் அவர் முட்டிக் காயத்துக்கு மருந்து போட்டாள். தீவிலிருந்து பறவைக்கார அம்மா கடிதம் எழுதியிருந்தார். கடைசி ஆட்டையும் முடித்தாயிற்று, நடப்பான் நாற்பத்திரண்டு முட்டை இட்டிருக்கிறது, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள். மச்சினன் அவரோடு சாதாரணமாகப் பேசினான், மாமா மாமா என்றான், பழையபடி சிரித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இடதுகையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்த மச்சினனின் கரண்டி மூன்றாவது தடவையாகக் கீழே விழுந்தது. அவன் எரிச்சலில் தட்டைத் தள்ளினான்.

"இதுக்கெல்லாம் கோவப்படலாமாடா?" என்று அக்கா கரண்டியைத் துடைத்துக் கொடுத்தாள். "மாமா தன் உசிரைக் குடுத்து உன்னை மீட்டுக் கொண்டுவந்திருக்கார். அவர் முகத்தைப் பாத்தாவது சாப்பிடு."

ஒத்தக்குண்டு பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். "நான் ஒண்ணு சொல்லணும்."

மேஜைக்கு அடியில் மச்சினனின் கால் அவர் காலை அழுத்தியது. "மாமா, சாப்பிடுங்க."

"அன்னைக்கு எனக்கு..."

"மாமா! சாப்பிடுங்கன்னு சொல்றேன்ல!"

"அவன்னு எனக்குத் தெரிஞ்சுது" என்றார் மனைவியிடம்.

அவள் கையில் தண்ணீர்ச் செம்பு. "எப்ப தெரிஞ்சுது?"

"முன்னாடி."

"சுடறதுக்கு முன்னாடியா?"

"ஆமா. தெரிஞ்சுதான் அழுத்தினேன். அழுத்தும்போதே திருப்பிட்டேன்."

மச்சினன் எழுந்தான். இடதுகையில் கிடைத்த தட்டை எடுத்துச் சுவரில் வீசினான். சோறு சிதறியது, தட்டு தரையில் சுழன்று சுழன்று அடங்கியது. பிறகு அவன் மேஜையைச் சுற்றி வந்து அவர் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து நாற்காலியோடு கீழே தள்ளினான். அவர் தடுக்கவில்லை.

"ஏன் சொன்னீங்க? யார் கேட்டா உங்களை? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? முப்பதடி மாமா! உங்க கண்ணை நான் பாத்தேன்! என்னைத் தெரிஞ்ச கண்ணு அது!" மூச்சு வாங்கியது அவனுக்கு. "படகுல ரெண்டு நாளும் அதைத்தான் யோசிச்சேன். சொன்னா நீங்க உள்ள போவீங்க, அக்கா தெருவுல நிப்பா. கைதான் போச்சு, அவ வீடாவது நிக்கட்டும்னு அந்த ஆபீசர்கிட்ட பொய் சொன்னேன். என்னை வளத்தவளுக்கு நான் செஞ்ச ஒரே நல்லது அதுதான். அதையும் நீங்க விட்டு வைக்கலையே!"

"என்னால முடியலைடா" என்றார் அவர் தரையிலிருந்து. "தினம் தினம் அவ என்னைப் புகழறதைக் கேக்க முடியலை."

"உங்களுக்கு வலிக்குது, அதனால இறக்கி வச்சுட்டீங்க. இப்ப யாருக்கு வலிக்குது பாருங்க!"

அவர் பார்த்தார். மனைவி செம்பை மேஜைமேல் வைத்தாள். முகத்தில் அழுகை இல்லை. கல்யாணமாகி இருபது வருஷமாக வாங்க போங்க என்றல்லாமல் அவரிடம் பேசாதவள் கேட்டாள்.

"சுட்டியே, அப்புறம் எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

அவர் வாயைத் திறந்தார். அவளுடைய தம்பி என்பதால், தன் பிள்ளை மாதிரி என்பதால், வாக்குக் கொடுத்தேன் என்பதால். எல்லாம் உண்மைதான், ஆனால் விரலை அழுத்தும்போதும் இவையெல்லாம் உண்மையாகத்தானே இருந்தன?

அவள் உள்ளே போய் இரண்டு பேர் துணிகளை ஒரே பையில் திணித்துக்கொண்டு வந்தாள். சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் ஒரு அறை காலியாக இருந்தது, அங்கே போவதாகத் தம்பியிடம்தான் சொன்னாள். "வேணாங்க்கா, இவர் தனியா என்ன செய்வார்?" என்றான் அவன், இவ்வளவுக்கும் பிறகு. அவள் அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, தொங்கிய வலது சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்தினாள்.

ஒத்தக்குண்டு எழுந்து பையை வாங்கக் கை நீட்டினார். அவள் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். மச்சினன் வாசலில் நின்று ஒருமுறை திரும்பி, "அடுப்புல பால் இருக்கு மாமா, அணைச்சிருங்க" என்றான். பிறகு இடதுகையால் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான்.